முதுகில மினுங்கினது

ரீவிக்கும் சிவலட்சுமிக்கும் இடையில ஒரு சாண் கூட இல்லை. மூக்கு கண்ணாடியில முட்டுற மாதிரிக் குந்தியிருக்கிறா. வலக்கையில அளக்கிற இஞ்சி ரேப், இடக்கையில சோக்கட்டி, வாயில ரெண்டு குண்டூசி.

"கொஞ்சம் விலகுமப்பா. நான் பாக்கிறது நாடகமோ உம்மட கொண்டையோ?" எண்டு பின்னால கதிரையில இருந்து அப்புத்துரை கத்தினார்.

"பொறுங்கோ. இப்ப திரும்புவாள். திரும்பினால் முதுகு தெரியும்."

"முதுகைப் பாத்து என்ன செய்யப் போறீர்?"

"நீங்கள் சும்மா இருங்கோ பாப்பம்."

நாடகத்தில கலியாணம். மூண்டு மாசமா நடக்குமோ நடக்காதோ எண்டு இழுபட்ட கலியாணம், ஒருமாதிரி மணவறை வரைக்கும் வந்திட்டுது. நாதஸ்வரம் ஊதுது, மாமியார்க்காரி முறைக்கிறா, கலியாணப் பொம்பிளை மெல்ல மெல்ல நடந்து வந்து, அப்பாடா, திரும்பினாள். சிவலட்சுமி ரேப்பைக் கொண்டுபோய்க் கண்ணாடியில ஒட்டினா. பொம்பிளையின்ர கழுத்துக்குக் கீழ இருந்து இடுப்பு மட்டும் ஏதோ மினுங்குது. ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஏழு எண்டு எண்ணி முடிக்கேக்க திரும்பவும் மாமியாரின்ர மூஞ்சி. அதோட பாட்டு. பாட்டோட சவர்க்கார விளம்பரம்.

"சீக்!" எண்டு ரேப்பைத் தூக்கி எறிஞ்சா. ரேப் போய் அப்புத்துரையின்ர தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள விழுந்திட்டுது.

சிவலட்சுமிக்கு ரீவி பாக்கிறது பொழுதுபோக்கில்லை, தொழில். முள்ளியவளையில அவதான் தையல்காரி. ரெண்டாயிரத்து ரெண்டில சண்டை நிண்டு, பாதை திறந்து, கடையளுக்குச் சாமான் வந்து, ஊரில ரீவியளும் வந்தாப் பிறகு, ஒரு பெட்டையாவது "அக்கா, கழுத்தை வட்டமா வெட்டுங்கோ" எண்டு வந்து கேக்கிறதில்லை. "வியாழக்கிழமை நாடகத்தில மூத்த மருமகள் போட்டது மாதிரி." அவ்வளவுதான். மிச்சத்தைத் தையல்காரி கண்டுபிடிக்கோணும். அதுக்கு அவ ஒரு வழி வச்சிருந்தா. கண்ணாடியில ரேப்பை வச்சு முதல்ல நடிக்கிறவளின்ர முகத்தின்ர நீளத்தை எடுப்பா. முகம் ஒண்டரை இஞ்சி, கழுத்து வெட்டு முக்கால் இஞ்சி எண்டால், வெட்டு முகத்தில அரைவாசி. பிறகு தைக்க வந்த பெட்டையின்ர முகத்தை அளப்பா. கணக்கு ஒருநாளும் பிழைச்சதில்லை.

கணக்குப் பிழைக்கேல்லைத்தான். ரீவி பிழைச்சுப்போச்சு.

அந்த ரீவியின்ர கதையைக் கட்டாயம் சொல்லோணும், ஏனெண்டால் அப்புத்துரை வாற போற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுவார். பதினாலு இஞ்சிப் பெட்டி. தொண்ணூற்றாறில கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடேக்க, ட்ராக்டர்ப் பெட்டியில இடமில்லை எண்டு வளவுக்குள்ள கிடங்கு வெட்டி, மரப்பெட்டிக்குள்ள உமி கொட்டி, ரீவியை நாலு யூரியா உரப் பாக்கால சுத்தித் தாட்டுப்போட்டு வந்தவர். ஆறு வரியம். ரெண்டாயிரத்து ரெண்டில போய்க் கிண்டினால், வீடு இல்லை, கிணத்துக் கட்டு இல்லை, மாமரம் இல்லை, ரீவி மட்டும் புதுப் பொம்பிளை மாதிரி இருக்கு. வயரைக் குடுத்தால் வேலை செய்யுது! என்ன, இடப்பக்க மூலையில ஆர் வந்தாலும் பச்சையாத்தான் வருவினம். அது ஒரு குறையே எண்டு கேப்பார் அப்புத்துரை.

அந்தப் பச்சையோட சிவலட்சுமி சமாளிச்சா. ஆனா போன வைகாசியில, வற்றாப்பளைப் பொங்கல் முடிஞ்ச கையோட, தண்ணீரூற்றில ஒரு சாமத்தியச் சடங்குக்குச் சட்டை தைச்சவ. நாடகத்தில பாத்து, கழுத்தைச் சுத்தி, துணியை உருட்டித் தைக்கிற பைப்பிங், ரெண்டு கோடு. பக்கத்தில பக்கத்தில, ஒரு நூல் இடைவெளியில. ராத்திரி பகலா இருந்து ரெண்டையும் ஒரே அகலத்தில திருப்பினது லேசில்லை. சடங்கில புதுக்குடியிருப்புத் தையல்காரி வந்து நிண்டவள். பாத்திட்டுச் சிரிச்சாளாம். "உதேன் ரெண்டு கோடு? நாடகத்தில ஒரு கோடுதானே!"

வீட்ட வந்து ரீவியைப் போட்டுப் பாத்தா. செய்தி போகுது. வாசிக்கிற பிள்ளைக்கு ரெண்டு மூக்கு. ஒரு மூக்கு, அதுக்குப் பக்கத்தில அதின்ர நிழல் மாதிரி இன்னொண்டு. காதுக்குப் பக்கத்தில காது. கேபிள் லைனில வாற பேய் உருவத்தைப் பாத்து, அதையும் சேர்த்துத் தைச்சுப்போட்டா! அண்டைக்கு அவ சாப்பிடேல்லை. அப்புத்துரை மட்டும் கணவாய்க் கறியோட ரெண்டு நீத்துப்பெட்டிப் புட்டு முடிச்சிட்டு, "ரெண்டு கோடு வடிவாத்தானே இருக்கு" எண்டார். அது இன்னும் எரிச்சல்.

இப்ப வந்திருக்கிறது அதைவிடப் பெரிய விசயம். சந்தியில பலசரக்குக் கடை வச்சிருக்கிற கதிர்காமநாதனின்ர மகள் வினோஜாவுக்கு ஆவணியில கலியாணம். கூறைச் சேலைக்குச் சட்டை, அதோட தோழிப் பெட்டையளுக்கு, தாய்க்கு, சித்திமாருக்கு எண்டு எல்லாமாப் பதினொரு சட்டை. பாதை திறந்தாப் பிறகு ஊரில நடக்கிற முதல் பெரிய கலியாணம். வெளிநாட்டில இருந்தெல்லாம் ஆக்கள் வருகினம். இது சரியா வந்தால் சிவலட்சுமியின்ர பேர் நெடுங்கேணி வரைக்கும் போகும். பிழைச்சால், ரெண்டு கோட்டுக்காரி எண்ட பேர்தான் மிஞ்சும்.

வியாழக்கிழமை காலமை வினோஜா தாய் இராசமலரோட வந்தவள்.

"அக்கா, நேற்று நாடகம் பாத்தனீங்களோ? பொம்பிளை போட்டிருந்த சட்டை. அதின்ர முதுகு."

"பாத்தனான், பாத்தனான்," எண்டா சிவலட்சுமி.

"முதுகில என்ன வேலை அக்கா அது? எங்கட ரீவியிலயும் வடிவாத் தெரியேல்லை. ஆனா மினுங்கினது. எனக்கு அதுதான் வேணும்."

"மணியோ, சரிகையோ எண்டு பாத்துச் செய்யிறன் பிள்ளை."

இராசமலர் வெத்திலையை மடிச்சபடி சொன்னா: "இஞ்சை பாரும் சிவலட்சுமி, குறை நினையாதையும். செவ்வாய்க்கிழமைக்கு முதுகுத் துண்டை மட்டும் ஒருக்காச் செய்து காட்டும். இவள் ஓமெண்டால் பதினொண்டும் உமக்குத்தான். இல்லையெண்டால் புதுக்குடியிருப்புக்குக் குடுக்கச் சொல்லுறா இவளின்ர சித்தி. அந்த ரெண்டு கோட்டுக் கதை அவவின்ர காதுக்கும் போயிட்டுது."

"அம்மா!" எண்டு வினோஜா தாயின்ர கையில இடிச்சாள். சிவலட்சுமிக்கு முகம் சுட்டுது.

அண்டைக்குப் பின்னேரம்தான் மேல சொன்ன ரேப் எறிஞ்ச கதை. எறிஞ்சு அரை மணித்தியாலம் ஆகேல்லை, வாசலில சைக்கிள் மணி. நாஸிம்.

நாஸிமின்ர ஆக்கள் தண்ணீரூற்று. தொண்ணூறில ஊரை விட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில பதின்மூண்டு வரியம் இருந்திட்டு, போன வரியம்தான் மனுசி லதீபாவோடயும் பிள்ளையளோடயும் திரும்பி வந்தவன். வரேக்க எல்லாரும் கூரைத் தகரம் கொண்டு வர, இவன் ஒரு டிஷ்ஷும் ஜெனரேற்றரும் கொண்டு வந்தவன். ஓமந்தையில சோதனைக்கு ஒருக்கா இறக்கி ஏத்தி, புளியங்குளத்தில இன்னொருக்கா இறக்கி ஏத்தி. இப்ப பின்னேரம் ஆறில இருந்து ஒன்பதரை மட்டும் ஊருக்குக் கரண்டும் அவன்தான், படமும் அவன்தான்.

"அக்கா, படம் எப்பிடி?"

"படமோ? உன்ர லைனில வாறதுக்குப் பேர் படமோ? வாசிக்கிற பிள்ளைக்கு ரெண்டு மூக்கடா தம்பி!"

"அதுக்குத்தானே வந்தனான்!" நாஸிமுக்குக் கோவமே வராது, அதுதான் அவனில உள்ள பெரிய கரைச்சல். "புதுசா டிஜிட்டல் லைன் துவங்கிறன் அக்கா. டிஷ்ஷில இருந்து நேரா வாற வயர். வீட்டில ஒரு பெட்டி வைக்கோணும். வல்லாஹி, கண்ணாடி மாதிரி இருக்கும். நடிக்கிறவையின்ர கண்ணிமையை எண்ணலாம்."

"கண்ணிமை வேண்டாம். சட்டையில உள்ள மணியை எண்ணலாமோ?"

"மணிக்குள்ள போற நூலையே எண்ணலாம்."

சிவலட்சுமிக்கு உள்ளுக்க ஒரு துள்ளல். ஆனா பட்டவ எல்லோ, கவனமாக் கேட்டா: "அது உன்ர வீட்டு ரீவியில. என்ர ரீவியில தெரியுமோ?"

"தெரியாம?" எண்டான் நாஸிம். சொல்லேக்க ஒருக்கா ரீவியைப் பாத்தான். ரீவியில ஒரு மனுசன் பச்சை மூஞ்சியோட மூலையில நிண்டு அழுதுகொண்டிருந்தார்.

"என்ர ரீவிக்கு என்ன குறை?" அப்புத்துரை கதிரையை விட்டு எழும்பிட்டார். "ஆறு வரியம் மண்ணுக்குள்ள கிடந்தது தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. போன கிழமையும் சொன்னனீங்கள்."

"உமிக்குள்ள..."

"நாலு யூரியாப் பாக்கு. தெரியும் அண்ணை."

காசு வேண்டாமாம். நோன்புப் பெருநாளுக்குத் தன்ர குடும்பத்துப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எட்டுச் சட்டை தைச்சுத் தந்தால் போதும் எண்டான். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. சிவலட்சுமிக்கு ஓமெண்டு சொல்லவும் விருப்பம், இல்லை எண்டு சொல்லவும் பயம். காலமை சொல்லுறன் எண்டு அனுப்பினா.

அனுப்பிப்போட்டு மனுசனோட பிடுங்குப்பாடு.

"இஞ்சாருங்கோ, நேராக் கேக்கிறன். லைனை மாத்தினால் இந்தப் பெட்டியில தெரியுமோ? இல்லை, பெட்டியை மாத்தோணுமோ?"

"பெட்டியை மாத்திற கதை இந்த வீட்டில கதைக்கப்படாது."

"உங்களுக்குப் பெட்டிதான் பொஞ்சாதி."

"அது பொறுமையா ஆறு வரியம் கிடந்தது. நீர் ஆறு நிமிசம் கிடப்பீரோ?"

வெள்ளிக்கிழமை விடிய அவ சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனா. சோளகக் காத்து எதிர்ப்பக்கம். செம்மண் புழுதி கண்ணுக்குள்ள, வாய்க்குள்ள. பாலைப்பழம் விக்கிற பெட்டையள் ரெண்டு பேர் ஓலைப் பெட்டியால முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருக்குதுகள். சந்தியில இளையதம்பி அண்ணையின்ர ரேடியோக் கடை. ரேடியோ, மணிக்கூடு, டோச் லைற், இப்ப ரீவியும் திருத்துவார். ஆனா எதையும் அண்டைக்கே திருத்தித் தந்ததா ஊரில ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

விசயத்தைச் சொன்னா. அவர் ஒரு கண்ணில பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு மணிக்கூட்டுக்குள்ள குடைஞ்சபடியே கேட்டார்.

"உங்களுக்கு வயல் இருக்கோ?"

"ஒரு ஏக்கர். தண்ணிமுறிப்புக் குளத்துத் தண்ணி."

"வயலுக்குத் தண்ணி எதால வருது?"

"குழாயால."

"எவ்வளவு குழாய்?"

"மூண்டிஞ்சி. ஏன் அண்ணை?"

"குளம் வான் பாயட்டும், வாய்க்கால் முட்டி வழியட்டும், உங்கட வரம்புக்குள்ள வாறது மூண்டிஞ்சித் தண்ணிதான். அவ்வளவுதான் விசயம்."

"அப்ப லைன் எடுக்க வேண்டாமோ?"

"எடுக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லையே. வாய்க்காலில சேறு வந்தால் குழாயிலயும் சேறு. நல்ல தண்ணி வந்தால் நல்ல தண்ணி. ஆனா மூண்டிஞ்சி."

"எடுக்கவோ, விடவோ? ஒண்டைச் சொல்லுங்கோவன்!"

"எதுக்குப் பாக்கிறியள் எண்டதைப் பொறுத்தது," எண்டிட்டுத் திரும்பவும் மணிக்கூட்டுக்குள்ள குனிஞ்சிட்டார். சிவலட்சுமிக்கு அந்த மணிக்கூட்டைப் பறிச்சு றோட்டில எறியோணும் போல கிடந்தது. எதுக்குப் பாக்கிறதோ? முதுகுக்கு! ஒரு முதுகுக்கு!

வரேக்க வழியில நாஸிமைக் கண்டு, "பெட்டியைக் கொண்டுவந்து பூட்டு" எண்டிட்டா. அறிஞ்ச மனுசன் ஒழுங்காச் சொல்லியிருந்தால் யோசிச்சிருப்பா. கோவத்தில சொன்னது.

பின்னேரம் நாலு மணிக்கே நாஸிம் பெட்டியோட வந்திட்டான். பெட்டியின்ர பின்பக்கம் மூண்டு வயர்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. ரீவியைத் திருப்பினான். ரீவியின்ர பின்பக்கம் ஒரே ஒரு ஓட்டை.

"அண்ணை, மற்ற ரெண்டு ஓட்டையும் எங்க?"

"எந்த ரெண்டு?"

"புது ரீவியில எல்லாம் மூண்டு இருக்கும்."

"மண்ணுக்குள்ள விட்டிட்டு வந்திட்டமாக்கும்," எண்டா சிவலட்சுமி. அப்புத்துரை முறைச்சார்.

நாஸிம் தலையைச் சொறிஞ்சான். பிறகு, மூண்டையும் ஒண்டாக்கிற சின்னப் பெட்டி ஒண்டு இருக்கு எண்டு சைக்கிளில பறந்தான். ஐஞ்சு மணிக்கு வந்தான். அந்தப் பெட்டிக்கு வேற பிளக். திரும்பப் பறந்தான். ஆறு மணிக்குக் கரண்டைப் போடப் போனவன் ஆறே முக்காலுக்குத்தான் வந்தான். அதுக்குள்ள அப்புத்துரை, எதையும் உடைச்சுப்போடுவாங்களோ எண்டு, ரீவியில ஒரு கையை வச்சபடியே நிண்டார், வருத்தக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி.

ஏழு பத்துக்குப் படம் வந்திது. செய்தி வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு மூக்கு!

"ஆ!" எண்டா சிவலட்சுமி. இரைச்சல் இல்லை, புள்ளி இல்லை, நிழல் இல்லை. ஒரே ஒரு மூக்கு. இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை இவ்வளவு வடிவோ எண்டு அப்புத்துரையே கேட்டார்.

"நான் சொல்லேல்லையோ?" எண்டு நாஸிம் நெஞ்சை நிமித்தினான்.

ஏழரைக்கு நாடகம். நேற்று முடிஞ்ச இடத்தில இருந்து, திரும்பவும் அதே பொம்பிளை நடந்து வாறாள். சிவலட்சுமி ரேப்போட குந்தினா. திரும்பினாள். ஏழு மினுக்கம். பேய் உருவம் இல்லாத, சுத்தமான, துப்பரவான ஏழு... கறை. கறைதான். சோத்துப் பருக்கையை விரலால அமத்தின மாதிரி. மணியோ, சரிகையோ, கண்ணாடித் துண்டோ, ஒண்டும் விளங்கேல்லை.

"நாஸிம், எங்கயடா மணி?"

"அதுதானே அக்கா, மினுங்குதே."

"நூலையே எண்ணலாம் எண்டாய்!"

"எங்கட வீட்டில எண்ணலாம் அக்கா..."

"உங்கட வீட்டில எண்ணுறதுக்கு ஏனடா என்ர வீட்டில பெட்டி பூட்டினாய்?"

அந்த நேரம் பாத்து இளையதம்பி அண்ணை வாசலால வாறார். டிஜிட்டல் லைன் எப்பிடி எண்டு பாக்க வந்தவராம். கடையில ஒண்டையும் நேராச் சொல்லாத மனுசன், பெட்டியைச் சுத்திச் சுத்திப் பாக்கிறார். பிறகு சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து அந்தப் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"இதை வச்சுப் பாருங்கோ, தங்கச்சி."

"எதை?"

"ரீவிக் கண்ணாடியை."

சிவலட்சுமி கண்ணில சொருகிக்கொண்டு கிட்டப் போனா. முதல் ஒண்டும் தெரியேல்லை. பிறகு தெரிஞ்சுது. பொம்பிளை இல்லை, சேலை இல்லை, மினுக்கம் இல்லை. சின்னச் சின்னக் குறுணல். சிவப்பு ஒண்டு, பச்சை ஒண்டு, நீலம் ஒண்டு. திரும்பச் சிவப்பு, பச்சை, நீலம். செங்கல் அடுக்கின மாதிரி வரிசை வரிசையா. மாமியாரின்ர மூக்குத்தி நாலு குறுணல். பொம்பிளையின்ர கண் பத்துப் பன்ரண்டு.

"இதுக்குள்ள நூல் இல்லை," எண்டா. திரும்பவும் குனிஞ்சு பாத்தா. "அண்ணை, இதுக்குள்ள நூலே இல்லை."

"அதுதான் மூண்டிஞ்சிக் குழாய்," எண்டார் இளையதம்பி.

"இதைக் காலமை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான்தானே."

சிவலட்சுமி பூதக்கண்ணாடியைக் கழட்டி அவரின்ர கையில குடுத்திட்டு, குசினிக்குள்ள போய், ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடாமல், கதவைச் சாத்தினா. வெளியில அப்புத்துரையின்ர குரல் கேக்குது: "ஆனா படம் நல்லாத்தான் இருக்கு. பெட்டி அப்பிடி."

சனி, ஞாயிறு நாடகம் இல்லை. ரெண்டு நாளும் அவ துணியில சோக்கால கீறுறதும் தட்டுறதுமா இருந்தா. ஏழு மணி வச்சுப் பாத்தா, ஏழு பூ வச்சுப் பாத்தா, சரிகையை முறுக்கி ஏழு முடிச்சுப் போட்டுப் பாத்தா. ஒண்டும் "அது" இல்லை. அது என்னண்டு தெரிஞ்சால் எல்லோ அது இல்லை எண்டு சொல்லுறதுக்கு! அதுவும் ஒரு விசர்.

திங்கட்கிழமை பின்னேரம் ரோசத்தை மடிச்சு வச்சிட்டு நாஸிம் வீட்ட போனா. புதுத் தகரக் கூரை, இன்னும் பூசாத சுவர், அதுக்கு நடுவில இருபத்தொன்பது இஞ்சி ரீவி, யானைக் குட்டி மாதிரி. லதீபா ஓடிவந்து பாய் விரிச்சா.

"வாங்க அக்கா. இவர் சொன்னார். முதல் நாளே இஞ்ச வந்து பாத்திருக்கலாமே? ஏன் வரேல்லை?"

சிவலட்சுமி பாயில குந்தினா. முதல் நாளே. ஒருத்தருக்கும் தோணேல்லை. லைனைப் பற்றிக் கதைச்சம், பெட்டியைப் பற்றிக் கதைச்சம், குழாயைப் பற்றிக் கதைச்சம். பக்கத்து ஊரில ஒரு பெரிய ரீவி இருக்கு, போய்ப் பாத்திட்டு வருவம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

லதீபா தந்த இஞ்சித் தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள நாடகம் துவங்கிட்டுது. மணவறை. இப்ப எல்லாம் தெரியுது. மாமியாரின்ர மூக்குத்தியில மூண்டு கல்லு. ஐயரின்ர நெத்தியில வேர்வை. சிவலட்சுமி ரேப்பை இறுக்கிப் பிடிச்சா. பொம்பிளை எழும்பி அக்கினியைச் சுத்த வெளிக்கிட்டாள். திரும்பினாள்.

சடை.

முதுகு முழுக்கச் சடை. மல்லிகைப் பூவால பொதிஞ்ச, இடுப்பு மட்டும் தொங்கிற சடை, அதில மேலயிருந்து கீழ ஏழு தங்க வில்லை. மினுங்கினது அதுதான். சட்டையே தெரியேல்லை. சட்டையில வேலை இருக்கோ, வெறுஞ் சட்டையோ, முதுகுப் பக்கம் கிழிஞ்சே கிடக்குதோ, படைச்சவனுக்குத்தான் தெரியும்.

லதீபா முதல் விளங்காமல் பாத்தா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் துவங்கினா.

"அக்கா, குறை நினையாதீங்கோ. உங்கட ஆக்களும் கலியாணத்துக்கு இப்பிடித்தானே சடை கட்டுறவ? எப்பிடித் தெரியாமப் போச்சு?"

"எப்பிடித் தெரியாமப் போச்சு..." எண்டா சிவலட்சுமியும். அவவுக்குச் சிரிப்பும் வரேல்லை, அழுகையும் வரேல்லை. நாலு நாள். எட்டுச் சட்டை. ஒரு சடைக்கு!

வீட்ட வரேக்க சைக்கிளை உழக்கி உழக்கி ஒவ்வொருத்தரா ஏசினா. நாஸிமை ஏசினா. மூண்டிஞ்சிக் குழாயை ஏசினா. ஆறு வரியம் மண்ணுக்குள்ள கிடந்ததை, இன்னும் ஒரு ஆறு வரியம் கிடந்திருக்கக் கூடாதோ எண்டு ஏசினா. இல்லாத சட்டையைக் கேட்ட வினோஜாவை ஏசினா. கடைசியா, பாத்தனான் பாத்தனான் எண்டு சொன்ன தன்ர வாயை ஏசினா.

வினோஜாவிட்டப் போய், "பிள்ளை, அது சடை" எண்டு சொல்லலாம். சொன்னால்? "அப்ப வெறுஞ் சட்டையைப் புதுக்குடியிருப்பிலயே தைப்பம்" எண்டுவா அந்தச் சித்தி.

விளக்கைக் கிட்ட இழுத்து வச்சுக்கொண்டு மெசினுக்கு முன்னால குந்தினா. கூறைச் சேலையின்ர சிவப்பில ஒரு துண்டு. சின்ன மணிப் போத்தலைத் திறந்தா. என்ன செய்யிறதெண்டு ஒரு யோசினையும் இல்லை. கை தன்ர பாட்டுக்கு மூண்டு பொன் மணியைக் கோத்து, பக்கத்தில பக்கத்தில, குறுணல் மாதிரி இறுக்கி வச்சுது. அதுக்குக் கீழ அரை மணி தள்ளி இன்னொரு மூண்டு, செங்கல் அடுக்கின மாதிரி. அதுக்குக் கீழ இன்னொரு மூண்டு. கிட்டப் பாத்தால் தனித் தனி மணி. கொஞ்சம் தள்ளி வச்சுப் பாத்தால் ஒரே மினுக்கம். இப்பிடி ஏழு கூட்டம், கழுத்தில இருந்து இடுப்புக்கு.

தள்ளி வச்சுப் பாத்தா. கிட்ட வச்சுப் பாத்தா. திரும்பத் தள்ளி வச்சுப் பாத்தா. அவ்வளவு நேரம் ஏசினதெல்லாம் எங்க போச்செண்டு தெரியேல்லை. இருபது வரியத்தில, ஒருத்தர் போட்டதைப் பாக்காமல் அவ தைச்சது இதுதான் முதல்.

செவ்வாய்க்கிழமை காலமை எல்லாரும் வந்தினம். வினோஜா, இராசமலர், அந்தச் சித்தியும். சிவலட்சுமி துண்டை வினோஜாவின்ர முதுகில பிடிச்சு, குண்டூசியளை வாயில வச்சுக்கொண்டு ஒவ்வொண்டாக் குத்தினா. ரெண்டு கண்ணாடியை முன்னுக்கும் பின்னுக்கும் பிடிச்சு வினோஜாவுக்குக் காட்டினவை. வினோஜா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள்.

"அம்மா! அதேதான்! அப்பிடியே இருக்கு!"

இராசமலர் கண்ணைச் சுருக்கிப் பாத்தா. "ஓமடி. அச்சு அசல். ஏழும் இருக்கு."

சித்திக்காரி எட்டி நிண்டு பாத்தா, கிட்ட வந்து விரலால தடவிப் பாத்தா, பிறகு, "ம்... உள்ளது உள்ளபடி தைச்சிருக்கிறா" எண்டா. அதுக்கு மேல ஒரு நற்சான்றிதழ் அவவிட்ட இருந்து வராதாம்.

"நான் சடையைப் பின்னுக்கு விடமாட்டன்," எண்டாள் வினோஜா. "முன்னுக்கு எடுத்து விடுவன். இந்த முதுகை எல்லாரும் பாக்கோணும்."

அந்த நேரம் பாத்து நாஸிமும் வாசலில. அவனுக்குக் காது நீளம்.

"பாத்தீங்களோ? டிஜிட்டல் லைன்! அக்கா எங்கட லைனைப் பாத்துத்தான் தைச்சவ. வேற ஆருக்கும் வேணுமோ?"

"எங்கட வீட்டுக்கும் ஒண்டு பூட்டு தம்பி," எண்டா இராசமலர். "இவளின்ர அப்பாவிட்டச் சொல்லுறன்."

அப்புத்துரை பெருமையோட ரீவிக்கு மேல கையை வச்சார். "லைன் கிடக்கட்டும். காட்டினது ஆர்? இது. இதின்ர கதை தெரியுமோ உங்களுக்கு? தொண்ணூற்றாறில..."

சிவலட்சுமிக்குப் பொறுக்கேல்லை. அது லைனில இல்லை, பெட்டியில இல்லை, அந்த நாடகத்திலயே இல்லை, அது என்ர கையடா எண்டு கத்தோணும். வாயில ஐஞ்சு குண்டூசி. ஒவ்வொண்டா எடுத்து வினோஜாவின்ர முதுகில குத்திக்கொண்டு போனா. ஐஞ்சாவதை எடுக்கேக்க பதினொரு சட்டை ஞாபகம் வந்திது. திரும்ப ரெண்டு குண்டூசியை வாய்க்குள்ள வச்சா.

அவையள் போனாப் பிறகு மத்தியானம் முழுக்க மெசின் ஓடினது. பின்னேரம் ஆறு மணிக்குக் கரண்டு வந்திது. ஏழு மணிக்கு மேல படலையில ஒரு பெட்டை. வியாழக்கிழமை நாடகத்தில இளைய மருமகள் போடப்போற சட்டை மாதிரித் தனக்கும் ஒண்டு வேணுமாம், விளம்பரத்தில அரைவாசி காட்டினவையாம். சிவலட்சுமி தலையை நிமித்தாமலே அளவெடுத்து எழுதிக்கொண்டு அனுப்பினா.

ஏழரைக்கு அப்புத்துரை கதிரையை இழுத்துப் போட்டார். பாட்டுத் துவங்கிட்டுது. முன்னால கொண்டையும் இல்லை, ரேப்பும் இல்லை. அவருக்கு அது ஒருமாதிரிக் கிடந்தது.

"என்னப்பா, நாடகம் துவங்கிட்டுது. வரேல்லையோ?"

மெசின் நிக்கேல்லை.

"நீங்கள் பாருங்கோ," எண்டா சிவலட்சுமி. "என்ன சட்டை போட்டிருக்கினம் எண்டு நான் பிறகு சொல்லுறன்."